வளைவு பதினாறடி என்று சொன்னேன்

ஊர் வளைவு ஒன்றின் உயரத்தை நான் முக்கால் அடி கூட்டிச் சொல்லியிருக்கிறேன். தெரியாமல் அல்ல. அளவு நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, பதினைந்தடி மூன்று அங்குலம் என்று கண்ணால் படித்துவிட்டு, ஃபோனில் "பதினாறு" என்றேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. காரைக்குடியில் இருபத்தாறு வருடமாக வீட்டு வரைபடம் போட்டுப் பிழைக்கிறவன். அளவுதான் எனக்குச் சோறு. அந்தச் சோற்றில் நானே மண்ணள்ளிப் போடக் காரணம் ஒரு படகு. அந்தப் படகில் எந்தக் குறையும் இல்லை, அது என்னுடையதல்ல என்பதைத் தவிர.

படகு என் சகலையுடையது. அதாவது என் மனைவியின் தங்கை கணவர். என்னைவிட ஏழு வயது இளையவர், அரை அடி உயரமானவர். இரண்டையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஊர் காளையார்கோவில் பக்கம். கல்யாணமான புதிதில் கொச்சியில் ஒரு படகுப் பட்டறையில் டீசல் என்ஜின் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்கு வந்தால் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். அந்தக் காலத்தில் எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. "உழைப்பாளி" என்று எல்லோரிடமும் சொல்வேன். ஒருவனை உழைப்பாளி என்று நாம் தாராளமாகச் சொல்வது அவன் நம்மைவிடக் கீழே இருக்கும்வரைதான்.

பிறகு அவர் என்ஜின் பிரிப்பதை விட்டுவிட்டுப் படகையே விற்க ஆரம்பித்தார். பெரிய பணக்காரர்கள் ஆசையாக வாங்கி, இரண்டு வருடத்தில் அலுத்துப்போய்க் கரையில் கட்டி வைத்திருக்கும் உல்லாசப் படகுகள். யாட் என்பார்கள், அவர் வாயில் அது யாட்டு. அதை வாங்கி, துடைத்து, வெள்ளை அடித்து, கடலே இல்லாத ஊர்களில் ஏரி, அணை, நீர்த்தேக்கம் என்று எது இருந்தாலும் அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

இந்தச் செய்தி மாமியாருக்கு வந்து சேர்ந்தது ஃபோன் வழியாக, அதுவும் அவருக்குக் கேட்காத காது வழியாக. "சின்ன மாப்பிள்ள இப்ப ஆட்டு யாவாரம் பாக்குறாகளாம்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கு விஷயம் தெரியும். திருத்தவில்லை. ஒரு வருடம் முழுக்கத் திருத்தவில்லை. பழந்தமிழில் ஆட்டுக்கு யாடு என்றே பெயர், ஆகவே யாட்டு வியாபாரத்தை ஆட்டு வியாபாரம் என்பது சொல்லளவில் பிழையில்லை என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். படித்ததெல்லாம் இப்படி ஏதாவது ஒரு சின்னத்தனத்துக்குத்தான் எனக்கு உதவியிருக்கிறது.

அந்தச் சந்தோஷம் ஒரு தீபாவளி மத்தியானத்தில் முடிந்தது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சகலை தன் ஃபோனில் படம் காட்டினார். மாமனார் எழுந்து போய் அலமாரியிலிருந்து கண்ணாடியை எடுத்து வந்து மாட்டிக்கொண்டு பார்த்தார். என் மகன் கல்லூரிச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டியபோது, "கண்ணாடி எங்கயோ கெடக்கு, நீயே படி" என்று சொன்ன மாமனார்.

"இது தண்ணில போறதா மாப்பிள்ள, இல்ல கல்யாண மண்டபமா?"

"ரெண்டுந்தான் மாமா. உள்ளுக்கு ஏசி இருக்கு."

"ஆட்டுக்கு எதுக்குங்க ஏசி?" என்று மாமியார் கேட்டார். சிரிப்பு அடங்கியபோது என் இலைக்கு எப்போதும் வருகிற ஈரல் துண்டு, எதிர் இலையில் இருந்தது. இருபத்து நாலு வருடமாக மூத்த மாப்பிள்ளை என்ற உரிமையில் நான் தின்ற ஈரல். அது அந்தப் பக்கம் போனதை யாரும் கவனிக்கவில்லை, என்னைத் தவிர. சகலைகூடக் கவனிக்காமல் தின்றார். அதுதான் தாங்கவில்லை.

என் மனக்குறையை நியாயமாகவே சொல்கிறேன். கடலைப் பற்றி எழுதப்பட்டதில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் நான் படித்திருக்கிறேன். கலம், நாவாய், வங்கம், ஓடம், அம்பி, தோணி என்று தண்ணீரில் மிதப்பதற்குத் தமிழில் எத்தனை பெயர் உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும். அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாமே "போட்டு". பெயர்கள் என்னிடம் இருந்தன, போட்டு அவரிடம் இருந்தது.

எனக்கிருந்த ஒரே ஆறுதல் என் வீட்டு மாடிப்படி. நானே வரைந்து, நானே நின்று கட்டிய வீடு. படியில் எட்டாவதில் ஏறும்போது உயரமானவர்களுக்கு மேல்தளத்தின் விளிம்பு நெற்றியில் இடிக்கும். கட்டடக் கலையில் அதற்கு ஒரு காரணம் இருப்பதாக நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். சகலை எப்போது வந்தாலும் அந்த இடத்தில் "டங்" என்று ஒரு சத்தம் கேட்கும். நான் கீழே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

சென்ற வருடம் அவர் நம் பக்கமே ஒரு படகை விற்றார். வாங்கியவர் நேமத்தான்பட்டிப் பக்கம் ஒரு பழைய பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றியவர். வெளிநாட்டு விருந்தாளிகள் முதல் நாள் தூணைப் பார்க்கிறார்கள், இரண்டாம் நாள் சாப்பாட்டைப் படம் எடுக்கிறார்கள், மூன்றாம் நாள் பார்க்க ஒன்றுமில்லாமல் தன் முகத்தைப் பார்க்கிறார்கள் என்பது ஹோட்டல்காரரின் கவலை. சாக்கோட்டைக்கு அங்குட்டு அவருக்கு ஒரு பழைய கல்குவாரி இருந்தது. வெட்டி முடித்து மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்த பள்ளம். நாங்கள் பள்ளம் என்போம். அவர் லேக் என்றார். சுற்றிலும் புல் வைத்த பிறகு எங்களுக்கும் கொஞ்சம் லேக் மாதிரித்தான் தெரிந்தது.

"அந்தப் பள்ளத்துல நாப்பத்திரண்டடிப் படகு எங்க போயிட்டு எங்க வரும்?" என்று சகலையிடம் கேட்டேன். அக்கறையாகக் கேட்கிற குரலில்தான் கேட்டேன்.

"எங்கயும் போகாதுண்ணே. நிக்கும். மேல நாலு டேபிள் போட்டு ராச்சாப்பாடு. ஓடுற போட்டு வாங்குறவுக கம்மி. நிக்கிற போட்டு வாங்குறவுகதான் ஜாஸ்தி."

இதில் என்னை வதைத்தது அவருடைய நேர்மை. ஏமாற்றி விற்றிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மாமனார் தேங்காய் உடைப்பதாக ஏற்பாடு. அதற்குள் படகு தண்ணீரில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று ஹோட்டல்காரர் சொல்லிவிட்டார். கொச்சியிலிருந்து நீள டிரெய்லரில் வரவேண்டும். குவாரிக்குப் போக இரண்டு வழி. ஒன்றில் ஓடைப்பாலம், அந்த எடையைத் தாங்காது. மற்றதில் ஊர் வளைவு. மேலே சிமெண்டு யானை இரண்டு, நடுவில் லட்சுமி, கீழே ஊர்ப்பெயர்.

அந்த வளைவை அளக்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, வண்டியோட சேத்துப் பதினஞ்சே முக்கால் அடி வரும். வளைவு பதினாறு இருந்துச்சுன்னா நழுவிப் போயிரும். இல்லைன்னா போட்டு மேல இருக்க கூண்டைக் கழட்டித்தான் கொண்டாரணும். திருப்பி மாட்டுறது பெரிய சங்கடம். நீங்க கொஞ்சம் அளந்து சொல்லீகன்னா நல்லது. நீங்க அளந்தா கவர்மெண்டு அளந்த மாதிரி."

மகிழ்ந்து போனேன். மகிழ்ந்ததை அவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக நான்கு நாள் போகவில்லை. "வேலை ரொம்ப" என்றேன். அந்த நான்கு நாளும் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கழிவறை வரைந்தேன்.

ஐந்தாம் நாள் போனேன். வளைவை ஒட்டி ஒரு டீக்கடை. கடைக்கார அம்மாவிடம் ஸ்டூல் இரவல் கேட்டேன்.

"இதை இன்னும் எத்தனை பேருதான் அளப்பீக?" என்றார். "ரோட்டுக்காரவுகளா?"

"இல்லம்மா. படகு வருது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மழையே இல்ல. படகாம்ல."

கழியில் நாடாவைக் கட்டி உயர்த்தி, கீழே குந்தி உட்கார்ந்து படித்தேன். பதினைந்தடி மூன்று அங்குலம். இடது ஓரம், வலது ஓரம், நடு, மூன்று இடத்திலும் அதுதான். கட்டும்போது பதினாறாகத்தான் இருந்திருக்கும். அதன் பிறகு சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே தார் ஊற்றி ஊற்றி, வளைவு நின்ற இடத்திலேயே குட்டையாகிவிட்டது.

ஃபோனை எடுத்தேன். இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீடு கட்டுகிறவர்களுக்கு நம் பக்கம் மனையடி சாஸ்திரம் பார்த்துத்தான் அறை. பதின்மூன்று ஆகாது, பதினான்கு ஆகாது, பதினைந்தும் ஆகாது. பதினாறு ஆகும், பதினேழும் ஆகும். மனை இடம் கொடுக்காமல் பதினைந்தேகாலில் ஒரு அறை நின்றால், பூச்சை இழுத்தோ சுவரை மெலித்தோ காகிதத்தில் பதினாறாக்கிக் கொடுப்பது என் கைப்பழக்கம். இருபத்தாறு வருடத்தில் நான் வரைந்த எந்த வரைபடத்திலும் பதினைந்தடி என்று ஒரு அறை கிடையாது. என் பேனாவுக்கே அந்த எண் வராது.

ஆகவே "பதினாறு" என்றேன்.

"பதினாறா அண்ணே?"

"பதினாறு."

"கரெக்டாவா?"

"அளந்தது நான்."

"சரிண்ணே, ரொம்ப சந்தோசம்" என்று வைத்துவிட்டார்.

பழக்கத்தில் வந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியும். வீடு வருகிறவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டும் வந்தேன். ஆனால் வண்டியை நிறுத்திப் பூட்டும்போது நான் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தேன்: வெள்ளைப் படகு வளைவில் சிக்கி நிற்கிறது, கூண்டு நசுங்குகிறது, சகலை தலையில் கை வைத்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருக்கிறார், மாமனார் உடைக்காத தேங்காயோடு திரும்பி வருகிறார், அடுத்த தீபாவளிக்கு ஈரல் தன் பழைய இடத்துக்கு வருகிறது. பழக்கத்தில் சொன்னவனுக்கு இவ்வளவு விரிவான படம் வராது.

இரண்டு நாள் அந்தப் படம் இனித்தது. மூன்றாம் நாள் அதில் சிமெண்டு யானை ஒன்று விழுந்தது. யானை விழுந்தால் ஊர் சும்மா விடாது. லட்சுமியே விழுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே துணியவில்லை. ஹோட்டல்காரர் படகு வேண்டாம் என்பார். சகலை அந்தப் படகில் தன் கையிருப்பு முழுவதையும் போட்டிருந்தார் என்று என் கொழுந்தியாள் முன்பு ஒரு தடவை சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வர வேண்டிய நாளில் வரவில்லை.

ஃபோனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் எடுத்தேன். "நான் சொன்ன அளவு தப்பு" என்று அந்த மனிதரிடம் சொல்வதைவிட யானை விழட்டும் என்று ஒவ்வொரு நாளும் வைத்தேன். இதற்கு நடுவே என் மனைவி தெருவில், "தங்கச்சி வீட்டுப் படகுக்கு எங்க வீட்டு ஆளுதான் அளவு பாத்துக் குடுத்தாக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கு அது வாக்குமூலம் மாதிரிக் கேட்டது.

படகு வருகிற அன்று காலை எட்டு மணிக்கு, டிரெய்லர் சாக்கோட்டையைத் தாண்டிவிட்டதாகக் கொழுந்தியாள் ஃபோன் செய்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லியை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். எங்கே என்று மனைவி கேட்டது காதில் விழுந்தது.

குறுக்குப் பாதையில் வளைவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஊரே அங்கே இருந்தது. தூரத்தில் புளியமரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு பேர் நீள மூங்கிலால் கேபிள் ஒயரைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தார்கள். அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு தெருவே நகர்ந்து வருவதுபோல இருந்தது. அந்த நிலையிலும் எனக்கு முதலில் தோன்றியது, எவ்வளவு அழகாக இருக்கிறது, எப்படி இது இந்த ஆளுக்குக் கிடைத்தது என்பதுதான். பயம் அதற்கு அடுத்துத்தான் வந்தது.

சாலை நடுவில் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினேன்.

"யாருய்யா அது?" என்று ஒரு குரல்.

"இன்ஜினியரு. லெவல் பாக்குறாரு" என்று டீக்கடை அம்மா பதில் சொன்னார்.

டிரெய்லர் நின்றது. முன்னிருக்கையிலிருந்து சகலை குதித்து ஓடிவந்தார்.

"என்னண்ணே? என்ன ஆச்சு?"

"போகாது. பதினஞ்சே கால்தான். நான் பதினாறுன்னு சொன்னது தப்பு. நிறுத்து."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். சொன்னதும் எனக்குள் ஏதோ லேசானது. ஒரு மனிதன் தன் பொறாமையை வென்ற கணம் இதுதான், இதை ஊரும் பார்க்கிறது என்று ஒரு நினைப்புகூட வந்தது.

சகலை என் தோளில் கை வைத்தார். "அதுக்கா இப்படி ஓடியாந்தீக? பதினஞ்சே கால்னு தெரியும்ண்ணே. நீங்க பிசியா இருந்தீகல்ல, அந்த நாலு நாள்ல டிரைவரே வந்து அளந்துட்டுப் போயிட்டாப்ல. லோடு ஏத்துறவரு வேற யாரு அளவையும் நம்ப மாட்டாரு. நான் அளந்தாலும் நம்ப மாட்டாரு."

"அப்ப கூண்டு?"

"பின்னாடி மினி லாரில வருது. மாட்டுறதுக்கு நாலு ஆளைக் கூடக் கூட்டியாந்துட்டேன்."

நிமிர்ந்து பார்த்தேன். படகுக்குத் தலையே இல்லை. அரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றவன் நான். தொழில் அளவு பார்ப்பது.

"அப்புறம் எதுக்கு என்னை அளக்கச் சொன்ன?"

சகலை தயங்கி, என் மனைவியை இழுத்தார். "மதினிதான் சொன்னாக. அண்ணனையும் ஏதாவது ஒரு வேலைல சேத்துக்கங்க, இல்லைன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பாகன்னு." பிறகு என்னைத் தேற்றுகிற குரலில், "நீங்க பதினாறுன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சுண்ணே. பதினஞ்சு ஆகாதுல்ல. பிளான் போடுற ஆளு வாயில எப்படி வரும்?" என்றார்.

நான் வீடு வருகிறவரை எனக்கே சொல்லிக்கொண்டு வந்த அதே சமாதானம். அவர் அதை உண்மை என்று நம்பி எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

"கொஞ்சம் ஓரமா நின்னுக்கங்கண்ணே."

நின்றுகொண்டேன். படகு வளைவுக்குக் கீழே, யானைகளுக்கும் லட்சுமிக்கும் ஒரு கும்பிடு போடாத குறையாக, இரண்டடிக்கு மேல் இடம் விட்டு நழுவிப் போனது. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

குறித்த நாளில் விழா நடந்தது. அதற்குள் கூண்டு மாட்டி, கிரேனில் பெல்ட் போட்டுத் தூக்கி இறக்கி, படகு பள்ளத்தில் வெள்ளை வெளேரென்று மிதந்தது. மாமனார் கண்ணாடி போட்டுக்கொண்டு தேங்காய் உடைத்தார். மாமியார் படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு ஆட்டையும் காணோமே" என்றார், இந்த முறை வேண்டுமென்றே. என்னையும் மேல்தளத்தில் ஏற்றினார்கள். ஏறுகிற ஏணி அவ்வளவு கச்சிதம். சகலை ஆறடி மனிதர், எங்கும் இடிக்காமல் போய் வந்துகொண்டிருந்தார். அங்கிருந்து தண்ணீரைப் பார்த்தேன். குவாரியின் செங்குத்தான பாறையும் வானமும் தலைகீழாகத் தெரிந்தன. இவ்வளவு நல்ல இடத்தை நானல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. திருந்திய மனிதனுக்குத் தோன்றக்கூடாத விஷயம்தான். தோன்றியது.

மத்தியானம் ஸ்கூட்டரில் திரும்பும்போது அந்த வளைவைக் கடந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினைந்தேகால் என்று தெரிந்தே பதினாறு என்றதை, பழக்கம் என்பது சும்மா என்பதை, ஈரல்வரை. மனதாரப் பொறாமைப்பட்டு, வேண்டுமென்றே தப்பான அளவு கொடுத்தேன் என்று முடித்தேன். திட்டுவாள், அல்லது அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராக வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டிக் கேட்டாள்:

"சரி, அது பொறாமைல அளந்தது. நம்ம வீட்டு மாடிப்படிய யாரு மேல பொறாமைப்பட்டு அளந்தீக?"